மகன் எழுதிய புத்தகம், அப்பா வெட்டிய கிணறு: வாசகர் கேள்வி-பதில்

நூரி பில்கே ஜெய்லான் இயக்கிய துருக்கிப் படம் ‘காட்டுப் பேரிக்காய் மரம்’. 2018இல் வந்தது. சென்ற இதழில் அதைப் பற்றி நாலு வரி சொல்லியிருந்தேன். அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்களே இந்த இதழை நிரப்பிவிட்டன. மற்ற கேள்விகளை அடுத்த இதழில் எடுத்துக்கொள்கிறேன். படத்தின் முடிவு வரை பேசியாக வேண்டியிருக்கிறது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படித்தால் எனக்குச் சந்தோஷம்.

கே: மூன்று மணி எட்டு நிமிடம் ஓடுகிற படம். அப்படி என்ன கதை?
(கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

ப: சினான் என்ற இளைஞன் சனாக்கலே நகரத்தில் ஆசிரியர் வேலைக்கான படிப்பை முடித்துவிட்டுச் சொந்த ஊரான சான் என்ற சிற்றூருக்குத் திரும்புகிறான். கையில் அவன் எழுதிய புத்தகத்தின் கைப்பிரதி. அச்சுக்குக் கொடுக்கப் பணம் வேண்டும். அப்பா இத்ரிஸ் பள்ளி ஆசிரியர், ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறார். குதிரைப் பந்தயத்தில் பணத்தை விட்டு ஊரெல்லாம் கடன். மகன் ஊருக்குள் கால் வைத்த சற்று நேரத்திலேயே நகைக்கடைக்காரர் அவனை நிறுத்தி, அப்பா வாங்கிப்போன தங்கக் காசைப் பற்றி விசாரிக்கிறார். ஊர் அவனை வரவேற்கும் விதம் அது.

மகன் புத்தகத்துக்குப் பணம் தேடி அலைகிறான். அப்பா, தாத்தாவின் கிராமத்து மேட்டு நிலத்தில், தண்ணீரே கிடையாது என்று ஊரார் அடித்துச் சொல்கிற இடத்தில், கிணறு வெட்டுகிறார். அப்பாவின் கிணறு மகனுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது. மகனின் புத்தகம் ஊருக்கு அப்படித்தான் தெரிகிறது. கதை அவ்வளவுதான். நேரம் போவது தெரியாது.

கே: கலையில் ஆசைப்படும் பிள்ளை, குறுக்கே நிற்கும் பெற்றோர். எத்தனை முறை பார்ப்பது?
(மருந்துக்கடை உரிமையாளர், கும்பகோணம்)

ப: இங்கே யாருமே குறுக்கே நிற்கவில்லையே! எழுதாதே என்று இத்ரிஸ் ஒரு வார்த்தை சொல்வதில்லை. அம்மா அசுமான், அரசுப் பணித் தேர்வு எழுதி ஆசிரியராகிவிடு என்கிறாள். கைப்பிரதியைக் கிழித்துப் போடவில்லை. எதிர்பார்ப்பு முழுக்க மகனிடம்தான் இருக்கிறது. கடைத்தெருவில் தலைநிமிர்ந்து நடக்கும் அப்பா வேண்டும், கடன்காரர்கள் வழிமறிக்காத வீடு வேண்டும், தன் அறிவுக்குப் பொருத்தமான ஓர் ஊர் வேண்டும் அவனுக்கு. பெற்றோர் பிள்ளை தலையில் ஏற்றும் சுமையைப் பற்றி நிறையப் படங்கள் பார்த்துவிட்டோம். பிள்ளை பெற்றோர் தலையில் ஏற்றுவதை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய படம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

கே: சூதாடி அப்பாவுக்கு நீங்கள் வக்காலத்து வாங்குகிறீர்களா?
(இல்லத்தரசி, திண்டுக்கல்)

ப: கிடையாது. கட்டணம் கட்டாததால் மின்சாரத்தை நிறுத்திவிடுகிறார்கள். வீடு இருட்டில் கிடக்கிறது. அம்மா அடுத்தவர் வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் சம்பாதிக்கிறாள். மகன் சட்டையில் வைத்திருந்த பணம் காணாமல் போகிறபோது எல்லோருக்கும் ஒரே ஆள் மேல்தான் சந்தேகம். இத்ரிஸ் செய்தது அநியாயம், அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. படமும் அவரை மன்னிக்கச் சொல்லி நம்மைக் கெஞ்சவில்லை. அவர் செய்த அநியாயத்தோடு சேர்த்து முழு மனிதரையும் பார்க்கச் சொல்கிறது.

கே: அந்த அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள். இந்த மாதிரிப் படங்களில் அம்மாக்கள் அழுவதற்காகவே வருகிறார்கள்.
(ஆசிரியை, காரைக்குடி)

ப: அசுமானும் அழுகிறாள். ஆனால் என்னை அசைத்துப் போட்டது அவள் அழுத இடம் இல்லை. ஒரு காட்சியில் மகன் அவளிடம் அப்பாவைக் குறை சொல்லிக்கொண்டே போகிறான். இந்த ஆளை ஏன் கட்டிக்கொண்டாய் என்பதுதான் அவன் கேட்க வருவது. அவள் பழைய நாட்களுக்குப் போகிறாள். மற்ற ஆண்கள் எல்லாம் பணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலத்தில் இத்ரிஸ் மண் வாசனையைப் பற்றியும், ஆட்டுக்குட்டிகளைப் பற்றியும், வயல்வெளியின் நிறங்களைப் பற்றியும் பேசினாராம். இன்னொரு முறை தேர்ந்தெடுக்கச் சொன்னாலும் அவரைத்தான் தேர்ந்தெடுப்பேன் என்கிறாள். இருட்டில் கிடந்த வீட்டில் குடும்பம் நடத்துகிறவள் சொல்கிறாள் இதை!

சினானுக்கு இது புரிகிறதா என்று அந்த நடிகரின் முகத்தைப் பாருங்கள். எழுத்து தனக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கான பதிலை அம்மா அவன் கையில் கொடுத்துவிட்டாள். மண்ணையும் நிறத்தையும் கவனிக்கும் கண் அப்பாவினுடையது. அவன் வாங்கிக்கொள்ளத் தயாராக இல்லை. அசுமானாக நடித்த பென்னு யில்திரிம்லாருக்கு அந்த ஒரு காட்சிக்காகவே பெரிய மரியாதை செய்ய வேண்டும்.

கே: கைக்காசு போட்டுப் புத்தகம் அடிக்கும் வழக்கம் துருக்கியிலும் உண்டா?
(முதல் கவிதைத் தொகுப்பை இப்படித்தான் கொண்டுவந்தவர், விருதுநகர்)

ப: உங்கள் அனுபவம் உங்களுக்குச் சினானைச் சட்டென்று காட்டிக்கொடுத்திருக்கும். முதல் புத்தகம் போடும் தமிழ் எழுத்தாளர் ஏறி இறங்கும் அதே படிகள். முதலில் நகரத் தலைவரிடம் போகிறான். அவர் அன்பாகத்தான் பேசுகிறார். ஆனால் கஜானா திறக்க வேண்டுமென்றால் புத்தகம் சுற்றுலாவுக்கு உதவ வேண்டும். சனாக்கலே பகுதி என்றால் சும்மாவா? டிராய் நகரத்தின் இடிபாடுகள் அங்கேதான். 1915இல் முதல் உலகப் போரின் கலிப்பொலிச் சண்டை நடந்ததும் அந்த வட்டாரத்தில்தான். வெளிநாட்டுப் பயணிகள் வந்து குவிகிறார்கள். டிராயைப் பற்றியோ போரைப் பற்றியோ எழுதியிருந்தால் பணம் கிடைத்திருக்கும். சினான் எழுதியிருப்பது அங்கே வாழும் சாதாரண மனிதர்களைப் பற்றி. அதற்கென்று ஒதுக்கிய நிதி எதுவும் இல்லை.

அங்கிருந்து மணல் தொழில் முதலாளி ஒருவரிடம் அனுப்பப்படுகிறான். புத்தகங்களை ஆதரிப்பவர் என்று பெயரெடுத்தவர். அவரோ படிப்பால் ஒன்றும் ஆகப்போவதில்லை, என்னைப் பார் என்கிற ரீதியில் பேசுகிறார். இரண்டு சந்திப்பிலும் யாரும் அவனை அவமானப்படுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்றுகூட அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். உங்களுக்கு அது எப்படி வலிக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கே: கடைசியில் பணம் எப்படிக் கிடைக்கிறது?
(வங்கி ஊழியர், ஈரோடு)

ப: அப்பாவின் நாயை விற்று. இத்ரிஸ் உயிராக நேசித்த வேட்டை நாய். ஊரே ஏளனமாகப் பார்க்கும் ஒரு மனிதரை ஏளனமாகப் பார்க்காத ஒரே ஜீவன். அதை மகன் அவருக்குத் தெரியாமல் விற்றுவிடுகிறான். அப்பா திருடுகிறார் என்று கொதித்த மகன் அப்பாவிடமிருந்து எடுத்துக்கொண்டது அது. எழுதுகிறவர்கள், படம் எடுக்கிறவர்கள், பாடுகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் கலைக்காக வீட்டில் யாருடைய எதை விற்றோம்? அப்பாவின் கடன்களுக்குக் கணக்கு வைத்திருக்கும் ஊரில், மகனின் இந்தக் கடனுக்குக் கணக்கு வைக்க யாருமில்லை.

கே: இலக்கியம் படித்தவனுக்கு அந்த ஊரில் வேலையே இல்லையா?
(பட்டதாரி, கள்ளக்குறிச்சி)

ப: உண்டு. சினானோடு படித்த நண்பன் ஒருவனுக்கு வேலை கிடைத்துவிட்டது, கலவரத் தடுப்புப் போலீசில். போனில் சினானோடு பேசும்போது, போராட்டக்காரர்களை அடித்து நொறுக்கியதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறான். இலக்கியம் படித்த பிள்ளை. தேர்வில் தேறினால் ஆசிரியர் வேலை உண்டு. ஆனால் தூரக் கிழக்கே எங்கேயாவது தூக்கிப் போடுவார்கள் என்ற பயம். தேறாவிட்டால் கட்டாய ராணுவ சேவை. சினானின் கோபத்துக்கு அப்பா மட்டும் காரணமில்லை என்று அந்தப் போன் பேச்சு ஒன்றே காட்டிவிடுகிறது. அவன் கோபத்தை அப்பா மேல் காட்டுகிறான், ஏனென்றால் பக்கத்தில் இருப்பவர் அவர்.

கே: உள்ளூர்ப் புகழ்பெற்ற எழுத்தாளரை அவன் சீண்டும் காட்சி தேவையா? எரிச்சலாக இருந்தது.
(நூலகர், நாகர்கோவில்)

ப: எரிச்சல் வர வேண்டும் என்றுதான் வைத்திருக்கிறார் ஜெய்லான். புத்தகக் கடையில் ஏதோ எழுதிக்கொண்டிருக்கும் சுலைமானிடம் சினான் பணிவாகத்தான் ஆரம்பிக்கிறான். நாலு கேள்வி போவதற்குள் குத்தல் வந்துவிடுகிறது. தெருவில் தொடர்ந்து வந்து, பாலம் வரைக்கும் விடாமல் பிடுங்கி எடுக்கிறான். பெரியவர் பொறுமை இழந்து வெடிக்கிறார். அந்த வெடிப்பில் நியாயம் இருக்கிறது.

சினான் கேட்பது ஒன்றே ஒன்று: என் எழுத்தைப் படியுங்கள். நேராகக் கேட்க வெட்கம், அதனால் சண்டையாகக் கேட்கிறான். எழுத ஆரம்பிக்கும் வயதில் இந்த வெட்கமும் திமிரும் ஒரே நேரத்தில் இருக்கும். எனக்கு அந்தப் பையனை அந்தக் காட்சியில்தான் மிகவும் பிடித்தது.

கே: மதகுருமார்களோடு நடந்துகொண்டே பேசும் காட்சி நீளமோ நீளம்.
(பொறியாளர், ஓசூர்)

ப: நீளம்தான். நானே அதைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்று நினைத்ததுண்டு. ஒரு செய்தி: அந்த இரண்டு இமாம்களில் ஒருவராக நடித்திருப்பவர் அக்கின் அக்சு. ஜெய்லானோடும் அவர் மனைவி எப்ரு ஜெய்லானோடும் சேர்ந்து திரைக்கதை எழுதியவர். தன் தந்தையோடு அவருக்கிருந்த உறவிலிருந்துதான் இந்தக் கதையே முளைத்தது. தன் வீட்டுக் கதையில் தான் ஒரு வேறு பாத்திரமாக நடந்துபோகிறார் மனிதர். அது தெரிந்த பிறகு அந்தக் காட்சியை நான் குறை சொல்வதைக் குறைத்துக்கொண்டேன்.

கே: பெண்களுக்குக் கலை ஆசையே இருக்காதா இந்தப் படங்களில்?
(நாடகக் கலைஞர், புதுச்சேரி)

ப: நியாயமான கேள்வி. இந்தப் படத்தில் ஹதிஜே என்ற பெண் வருகிறாள். சினானோடு பள்ளியில் படித்தவள். வயல்வெளியில் வேலை செய்துகொண்டிருக்கும்போது அவனைப் பார்க்கிறாள். வசதியான இடத்தில் திருமணம் நிச்சயமாகிவிட்டது. தலைத்துணியை அவிழ்த்துவிட, காற்றில் கூந்தல் பறக்கிறது. மரத்தடியில் அவனை முத்தமிடும்போது உதட்டைக் கடித்துவிடுகிறாள். ஊரைவிட்டுப் போகத் துடிக்கிற ஒரு பெண்ணின் முழு ஆத்திரமும் அந்தக் கடியில் இருக்கிறது. அவளுக்கு என்ன ஆசை இருந்தது என்று அவன் கேட்கவே இல்லை. படமும் அவளை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறது. அதில் எனக்குக் குறைதான்.

அந்தக் குறை தீர வேண்டுமென்றால் ரீமா தாஸ் எடுத்த அசாமியப் படம் ‘வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்’ பாருங்கள். 2017இல் வந்தது. மறு ஆண்டு சிறந்த திரைப்படத்துக்கான தேசிய விருதை வாங்கியது. துனு என்ற சிறுமிக்கு ஒரு கிட்டார் வேண்டும். கிடைக்கும்வரை தெர்மோகோலில் கிட்டார் செய்து கச்சேரி நடத்துகிறாள். அப்பா இல்லை, ஆண்டுதோறும் வெள்ளம், விளைந்தது தண்ணீரோடு போகிறது. பையன்களோடு மரமேறித் திரிகிறாளே என்று ஊர்ப் பெண்கள் வாய்க்கு வந்தபடி பேசும்போது அம்மா மகள் பக்கம் நிற்கிறாள். அவள் வயதுக்கு வந்ததும் நடக்கும் சடங்கைப் பார்க்கும்போது நம் மஞ்சள் நீராட்டு விழா அப்படியே நினைவுக்கு வரும். ஒரு குழந்தையை உட்காரவைத்து இனி நீ குழந்தை இல்லை என்று ஊர் கூடிச் சொல்வது. அந்த அம்மா சடங்கையும் செய்கிறாள், கிட்டாரையும் வாங்கித் தருகிறாள். இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, தயாரிப்பு எல்லாமே ரீமா தாஸ்தான். தான் பிறந்த கிராமத்திலேயே எடுத்தார்.

கே: பிள்ளையின் கலையை உண்மையாகவே எதிர்க்கிற அப்பா, ஆனாலும் நல்லவர். அப்படி ஒரு படம் சொல்ல முடியுமா?
(ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், அரக்கோணம்)

ப: ‘பில்லி எலியட்’. 2000ஆம் ஆண்டு வந்தது, ஸ்டீபன் டால்ட்ரியின் முதல் முழுநீளப் படம். வடக்கு இங்கிலாந்தில் டரம் பகுதியின் நிலக்கரிச் சுரங்க ஊர், 1984-85 வேலைநிறுத்தக் காலம். குத்துச்சண்டை கற்கக் காசு கொடுத்து அனுப்பிய பிள்ளை பாலே நடனம் கற்கிறான் என்று தெரிந்ததும் அப்பா கொந்தளிக்கிறார். கிறிஸ்துமஸ் குளிருக்கு அடுப்பெரிக்க, செத்துப்போன மனைவியின் பியானோவையே உடைத்து விறகாக்க வேண்டிய நிலையில் இருக்கும் மனிதர்.

பிறகு ஒரு நாள் மகன் ஆடுவதைப் பார்த்துவிடுகிறார். லண்டனில் தேர்வுக்குப் போக அவனுக்குப் பணம் வேண்டும். அதற்காக, வேலைநிறுத்தத்தை முறித்து வேலைக்குப் போகிறவர்களின் பஸ்ஸில் ஏறுகிறார். தொழிற்சங்கத்துக்காரர் ஒருவருக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. மூத்த மகன் ஓடிவந்து தடுக்கும்போது அப்பா உடைந்து அழுகிறாரே, ரயில்வேயில் வேலைநிறுத்தங்களைப் பார்த்த உங்களுக்கு அந்த அழுகையின் எடை தெரியும். கடைசியில் மனைவியின் நகையை அடகு வைக்கிறார்.

கே: தமிழில் இப்படி ஒன்று?
(மாணவர், மதுரை)

ப: ராஜீவ் மேனனின் ‘சர்வம் தாள மயம்’. 2019இல் திரையரங்குகளுக்கு வந்தது. மிருதங்கம் செய்யும் குடும்பத்துப் பிள்ளை பீட்டர் மிருதங்கம் வாசிக்க ஆசைப்படுகிறான். அவன் அப்பா ஜான்சனாக இளங்கோ குமரவேல். அந்தத் தோலை இழுத்துக் கட்டி, சுருதி பார்த்து, நாதம் வரவழைக்கும் கைகளுக்கு மேடையில் இடமில்லாமல் போனது ஏன் என்ற கேள்வியைப் படம் நம் முகத்துக்கு நேரே கேட்கிறது. அங்கே அப்பாவின் தயக்கத்துக்குப் பின்னால் பணம் மட்டுமில்லை, சாதியும் இருக்கிறது. சென்னைக் கதை என்பதால் கிராமம் என்ற வரையறைக்குள் வராது. பரவாயில்லை, பாருங்கள்.

கே: ஜெய்லான் வீட்டில் என்ன நடந்தது? அவர் அப்பா அம்மா ஒத்துக்கொண்டார்களா?
(குறும்பட இயக்குநர், கோயம்புத்தூர்)

ப: ஒத்துக்கொண்டதோடு நிற்கவில்லை, கேமரா முன்னால் வந்து நின்றார்கள்! ஜெய்லான் பிறந்தது 1959இல், இஸ்தான்புல்லில். சிறுவயது கழிந்தது சனாக்கலே மாகாணத்தின் யெனிஜேயில். படித்தது மின் பொறியியல். போனது புகைப்படக் கலைக்கு. 1995இல் எடுத்த முதல் குறும்படத்திலேயே அப்பா எமினும் அம்மா ஃபாத்மாவும் நடித்தார்கள். 1997இல் ‘சிற்றூர்’ என்ற முதல் முழுநீளப் படம். அதன் கதைக்கு அடிப்படை அவர் அக்கா எழுதியது.

1999இல் வந்த ‘மே மாத மேகங்கள்’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. சினிமா இயக்குநரான மகன் ஊருக்கு வந்து, தன் படத்தில் நடிக்கச் சொல்லி அப்பாவையும் அம்மாவையும் படுத்தி எடுக்கிறான். அப்பாவின் கவலையோ வேறு: தான் பார்த்துப் பார்த்து வளர்த்த மரங்கள் நிற்கும் நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டுவிடுமோ என்பது. மகனுக்குக் காட்சி வேண்டும், அப்பாவுக்கு மரம் வேண்டும். அந்த அப்பாவாக நடித்தவர் இயக்குநரின் சொந்த அப்பா! பெற்றோரைத் தன் கலைக்குப் பயன்படுத்திக்கொள்வதைப் பற்றி, பெற்றோரைப் பயன்படுத்தியே ஒரு படம். ‘காட்டுப் பேரிக்காய் மர’த்தில் சினான் நாயை விற்கிறானே, அதன் வித்து பத்தொன்பது வருடத்துக்கு முன்பே விழுந்துவிட்டது என்பது என் எண்ணம்.

கே: அப்பாவாக நடித்தவர் யார்? அந்தச் சிரிப்பு மனதை விட்டுப் போகவில்லை.
(செவிலியர், வேலூர்)

ப: முராத் ஜெம்ஜிர். துருக்கித் தொலைக்காட்சியில் நகைச்சுவைத் தொடர்களால் பேர் வாங்கியவர். மகனாக நடித்த அய்தின் தோவு தெமிர்கோல்கூட மேடையில் தனியாளாக நின்று சிரிக்க வைப்பவர்தான். இவ்வளவு கனமான படத்துக்கு இரண்டு நகைச்சுவைக் கலைஞர்களைத் தேடிப் பிடித்திருக்கிறார் ஜெய்லான். இத்ரிஸ் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் ஒரு அசட்டுச் சிரிப்பு சிரிக்கிறார் பாருங்கள், காசு கேட்கும்போதும் அதே சிரிப்பு. ஊர் தன்னை என்ன நினைக்கிறது என்று முழுக்கத் தெரிந்த ஒருவரின் சிரிப்பு அது. அழுகையை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு சிரிக்கக் கூடியவர்கள் நகைச்சுவை நடிகர்களாகத்தான் இருக்க முடியும்.

கே: என் மகன் நல்ல வேலையை விட்டுவிட்டு நாவல் எழுதுகிறான். இந்தப் படத்தை அவனுக்குக் காட்டலாமா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட தந்தை, தஞ்சாவூர் மாவட்டம்)

ப: தாராளமாக. ஆனால் அவன் திருந்துவான் என்று காட்டாதீர்கள். அவனோடு உட்கார்ந்து நீங்களும் பாருங்கள். பார்த்து முடித்ததும் அறிவுரை வேண்டாம், எந்தக் காட்சி பிடித்தது என்று மட்டும் கேளுங்கள்.

உங்கள் கடிதத்தில் “சோத்துக்கு என்ன பண்ணுவான்” என்று எழுதியிருந்தீர்கள். அது கலைக்கு எதிரான கேள்வி இல்லை. மழை பொய்த்த வருடங்களையும் கடன் அட்டைகளையும் பார்த்த ஒருவர் கேட்டே தீர வேண்டிய கேள்வி. அவனிடம் நேராகக் கேளுங்கள், தொகையாகவே கேளுங்கள்: மாதம் எவ்வளவு வேண்டும், எத்தனை மாதத்துக்கு, அதன்பிறகு என்ன. நாவல் எழுத வந்தவனுக்கு அந்தக் கணக்கைப் போடத் தெரிய வேண்டும். கணக்குப் பேசி முடித்த பிறகு இன்னொன்றும் கேளுங்கள், எழுதியதில் ஒரு அத்தியாயம் படிக்கத் தருவாயா என்று. இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் முதல் கேள்வியை மட்டும் கேட்கும் வீடுகளில்தான் பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே எழுந்து போகிறார்கள்.

கே: என் சிறுகதைத் தொகுப்பு வந்து ஒரு வருடமாகிறது. வீட்டில் ஒருவரும் படிக்கவில்லை. சினானுக்கும் இதேதானா?
(எழுத்தாளர், சேலம்)

ப: சினானின் புத்தகம் அச்சாகிறது. முதல் பிரதியில் அம்மாவுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறான், அவள் நெகிழ்ந்து அழுகிறாள். பிறகு ராணுவ சேவைக்குப் போய்த் திரும்பி வருகிறான். புத்தகக் கடையில் விசாரித்தால் ஒரு பிரதிகூட விற்கவில்லை. வீட்டில் மிச்சப் பிரதிகள் ஈரம் பட்டுக் கெட்டுப்போய்க் கிடக்கின்றன. அழுத அம்மா படிக்கவில்லை. தங்கையும் படிக்கவில்லை.

அப்பா ஓய்வு பெற்றுக் கிராமத்துக்குப் போய் ஆடு மேய்த்துக்கொண்டு ஒரு குடிசையில் இருக்கிறார். மகன் தேடிப் போகிறான். அங்கே அவருடைய பணப்பையில், அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பத்திரிகையில் வந்த செய்தியை வெட்டி மடித்து வைத்திருப்பதைப் பார்க்கிறான். அவர் படித்திருக்கிறார். ஒரு முறை இல்லை, திரும்பத் திரும்ப. புத்தகத்தில் தன்னைப் பற்றி வரும் கடுமையான இடங்களையும் சேர்த்துத்தான். அதை எழுதிய மகனிடம் அவருக்குக் கோபம் இல்லை. இளையவர்கள் மூத்தவர்களை விமர்சிக்காவிட்டால் எப்படி என்கிற மாதிரி பேசுகிறார்.

நகரத் தலைவர், மணல் முதலாளி, பெரிய எழுத்தாளர் என்று ஊர் முழுக்க அலைந்து ஒரு வாசகரைத் தேடினான் சினான். கிடைத்த ஒரே வாசகர், அவன் யாருடைய கருத்தைப் பொருட்படுத்தவே இல்லையோ அவர். உங்கள் வீட்டிலும் ஒருமுறை நன்றாகத் தேடிப் பாருங்கள். படித்தவர் சொல்லாமல் இருக்கலாம். நீங்கள் எதிர்பார்த்த ஆளாக இல்லாமலும் இருக்கலாம்.

கே: கிணற்றில் தண்ணீர் வந்ததா?
(விவசாயி, மணப்பாறை)

ப: வரவில்லை. ஊரார் சொன்னது சரிதான் என்று இத்ரிஸ் கடைசியில் ஒப்புக்கொள்கிறார், வெட்டுவதை நிறுத்திவிட்டார். பனி கொட்டுகிற காலையில் அவர் எழுந்து மகனைத் தேடுகிறார். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும்போது முதலில் ஒரு பயங்கரமான காட்சி, மகன் கயிற்றில் தொங்குவதாக. அடுத்த கணம் அடியிலிருந்து கடப்பாரைச் சத்தம். மகன் உள்ளே இறங்கி வெட்டிக்கொண்டிருக்கிறான். வறண்ட பூமியில் ஆழ்துளைக் குழாய் இறக்கிப் பார்த்த உங்களுக்கு அந்த வேலையின் அர்த்தம் எனக்குத் தெரிவதைவிட நன்றாகத் தெரியும்.

கே: எதைச் செய்தாலும் பெற்றோரின் ஆசீர்வாதத்தோடு செய்ய வேண்டும் என்கிறீர்களா?
(தட்டச்சுப் பயிற்சி மையம் நடத்துபவர், நாமக்கல்)

ப: இல்லை. சில வீடுகளில் காத்திருந்தால் ஆயுள் முடிந்துவிடும். பெண் பிள்ளைகளுக்குப் பல வீடுகளில் இன்றும் அதுதான் நிலைமை. போக வேண்டியவர்கள் போகத்தான் வேண்டும். போன பிறகு, அவர்களைப் பற்றி எழுதும்போது ஊர் சொன்னதை மட்டும் வைத்து எழுதாமல் இருக்கலாம்.

கே: இசை? ஒளிப்பதிவு?
(ஒலிப்பதிவாளர், சென்னை)

ப: ஒளிப்பதிவு கோகான் திரியாக்கி. இலையுதிர்காலத்து மஞ்சளும் பனியின் வெள்ளையும் அவர் கையில் இரண்டு பாத்திரங்களாகிவிடுகின்றன. இசைக்குப் பாஹ்வின் பாசகாலியா ஒன்றை எடுத்து, அங்கங்கே வந்து போகும்படி வைத்திருக்கிறார் ஜெய்லான். ஒரே அடிநாதம் திரும்பத் திரும்ப வர, அதன் மேல் மாறிக்கொண்டே போகும் இசை வடிவம் அது. தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறை ஒரே பிடிவாதத்தோடு வரும் கதைக்கு வேறென்ன வேண்டும்? நல்ல ஹெட்போன் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

கே: ஜெய்லானை இதுவரை பார்த்ததில்லை. எதிலிருந்து தொடங்கட்டும்?
(மளிகைக் கடைக்காரர், பொள்ளாச்சி)

ப: 2014இல் கான் விழாவில் தங்கப் பனை வாங்கிய ‘குளிர்கால உறக்கம்’ படத்திலிருந்து பலரும் தொடங்கச் சொல்வார்கள். அதுவும் மூன்று மணி நேரத்துக்கு மேல், பேச்சுதான் அதிகம். நீங்கள் ‘மே மாத மேகங்கள்’ முதலில் பாருங்கள். ஒரு சிறுவன் பையில் ஒரு முட்டையை உடையாமல் நாற்பது நாள் வைத்திருந்தால் அவனுக்கு ஒரு இசைக் கடிகாரம் கிடைக்கும் என்று அதில் ஒரு கிளைக்கதை வருகிறது. அது உங்களுக்குப் பிடித்துவிட்டால், காட்டுப் பேரிக்காய் மரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையை அடைத்துவிட்டு உட்காருங்கள்.